தொண்ணூறும் நாற்பதும்

கொழிஞ்சாம்பாறையில் ஒருவர் உதிரிபாகக் கடைக்குள் நுழைந்து ‘கியர் ஆயில்’ என்று கேட்டால், அவருக்கு வேண்டியது ஒன்றாகவும் கைக்கு வருவது வேறொன்றாகவும் இருக்கக்கூடும். கடைக்காரர் மலையாளி, கேட்பவர் தமிழர் என்பது காரணம் அன்று; இரு மொழியிலும் அச்சொல் ஒன்றே. (இம்மாநிலத் தமிழர் அரசுக்குத் தமிழிலேயே எழுத 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் வழிசெய்கிறது. எண்ணெய் டப்பாக்களுக்கு அப்படிச் சட்டம் ஏதும் இல்லை.) குழப்பம் மொழிகளுக்கு இடையில் இல்லை, சொல்லுக்கு உள்ளேயே இருக்கிறது.

கேட்பவர் யமஹா ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர் என்று கொள்வோம். 1985இல் இந்தியாவுக்கு வந்து 1996இல் உற்பத்தி நின்றுபோன வண்டி அது. இன்று அதை ஓட்டும் இளைஞர் பலருக்கு அது அப்பாவின் வண்டி. முள் டயர் மாட்டி, பனந்தோப்பு வரப்பிலும் பாறைத் தடத்திலும் அதை மண்பந்தய வண்டியாக ஓட்டுகிறார்கள். பழைய உள்ளுறுப்பு ஒன்று தேய்ந்தால் அசல் பாகம் எளிதில் கிடைப்பதில்லை. எனவே எந்த எண்ணெய் என்ற கேள்வியை அற்பமென்று தள்ள முடியாது.

இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு எண்ணெய்கள் உண்டு. பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து புகையாகிப் போவது 2டி ஆயில். மற்றொன்று கியர்பெட்டிக்குள் அடைபட்டே இருப்பது. அது பற்சக்கரங்களுக்கு மட்டும் உரியதும் அன்று. கிளட்ச் தட்டுகளும் அதே எண்ணெயில்தான் மூழ்கிக் கிடக்கின்றன. பற்கள் வழுக்க வேண்டும், தட்டுகள் பற்ற வேண்டும். ஒரே திரவத்திடம் இவ்விரண்டையும் ஒருங்கே கேட்கிறோம். ‘கியர் ஆயில்’ என்னும் பெயர் முதல் பாதியைச் சொல்லி இரண்டாம் பாதியை விழுங்கிவிடுகிறது. கடைக்காரரும் சொல்லுக்கு நேர்மையாக, லாரி டிஃபரன்ஷியலுக்கு ஊற்றும் ‘தொண்ணூறு நம்பர்’ ஆயிலை எடுத்து வைக்கிறார்.

அதை மறுப்பவர் வழக்கமாகச் சொல்லும் காரணம், தொண்ணூறு மிகக் கெட்டி, நாற்பதே போதும் என்பது. முடிவு சரி, காரணம் பிழை. எஞ்சின் எண்ணெய்களுக்கு எஸ்ஏஇ வகுத்த அளவுகோல் வேறு, கியர் எண்ணெய்களுக்கு வகுத்தது வேறு. 100 பாகை செல்சியஸில் எஞ்சின் எண்ணெய் 40இன் பாகுநிலை 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸ். கியர் எண்ணெய் 90க்கு அது 13.5இலிருந்து 18.5 வரை. இரண்டின் எல்லைகளும் பெரும்பகுதி ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன! குறியின் மதிப்பு அது இருக்கும் அமைப்புக்குள் மட்டுமே பிறக்கிறது என்று மொழியியல் வகுப்பில் சசூரை முன்வைத்துச் சொல்வார்கள். அதற்குச் சதுரங்கக் காயைவிட இந்த எண்ணெய் டப்பா நல்ல உதாரணம். நாற்பதும் தொண்ணூறும் ஒரே எண்வரிசையில் நிற்பவை போலத் தோன்றினாலும், அவை இரு வேறு வரிசைகளின் உறுப்புகள்.

வேறுபாடு கெட்டித்தன்மையில் இல்லை, சேர்க்கைப் பொருளில் இருக்கிறது. ஜிஎல்-5 என்று குறிக்கப்பட்ட எண்ணெயில் கந்தகமும் பாஸ்பரஸும் கொண்ட அழுத்தத் தாங்கிகள் மிகுதி. டிஃபரன்ஷியலில் பற்கள் உராய்ந்து சறுக்கும்போது அவை காப்பாக அமைகின்றன. வெண்கல புஷ்ஷும் பித்தளை வாஷரும் உள்ள பெட்டியில், சூடேறியபின் அவற்றுள் சில அந்த உலோகத்தையே அரிக்கத் தொடங்கும். அவ்வெண்ணெய் நனைந்த கிளட்ச்சை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டதும் அன்று.

எதிர்த் திசையிலும் ஒரு பள்ளம் உண்டு. புதுக் கார்களுக்கான விலையுயர்ந்த மெல்லிய எண்ணெய்களில் எரிபொருள் மிச்சமாவதற்காக உராய்வைக் குறைக்கும் பொருள் கலந்திருக்கிறது. அது தட்டுகளின் பிடியைத் தளர்த்தும். மேட்டில் ஆக்ஸிலேட்டரைத் திருகினால் எஞ்சின் அலறும், வண்டி ஏறாது. இச்சிக்கலுக்காகத்தான் ஜப்பானியர் 1998இல் ஜாஸோ டி903 என்னும் தரத்தை வகுத்தனர். அதில் ‘எம்ஏ’ என்பது கிளட்ச் பற்றும் வகை. ‘எம்பி’ உராய்வு குறைந்தது. 2டி ஆயிலுக்குரிய ‘எஃப்சி’, ‘எஃப்டி’ என்னும் எழுத்துகளை இங்கே தேடுவதால் பயனில்லை.

ஆகவே கேட்க வேண்டியது 20டபிள்யூ-40, ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ2. சாதாரண நான்கு ஸ்ட்ரோக் பைக் எண்ணெய்தான் அது. இரண்டு ஸ்ட்ரோக் வண்டிக்கு அதை வாங்கக் கூச்சப்படத் தேவையில்லை. இன்றைய வெளிநாட்டு இரண்டு ஸ்ட்ரோக் மண்பந்தய வண்டிகள் சிலவற்றுக்கும் 10டபிள்யூ-40 போன்ற எஞ்சின் எண்ணெயே பரிந்துரைக்கப்படுகிறது. சிந்தெடிக்குக்குக் கூடுதல் பணம் கொடுப்பதைவிட அடிக்கடி மாற்றுவது மேல் என்றே தோன்றுகிறது. எரிகரி இப்பெட்டிக்குள் வருவதில்லை என்பதால் எண்ணெய் பார்வைக்குச் சுத்தமாகவே இருக்கும்; ஆனால் பாகுநிலையைத் தாங்கும் நெடிய பாலிமர் மூலக்கூறுகளைப் பற்சக்கரங்கள் நாள்தோறும் நறுக்கிக்கொண்டிருக்கின்றன. கிளட்ச் தூளும் சேர்கிறது.

வடித்த எண்ணெய் பால் கலந்த தேநீர் போல வெளுத்திருந்தால், ஓடை கடந்தபோது தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள்; உடனே மாற்ற வேண்டும். வெளியே கசிவே இல்லாமல் அளவு மட்டும் குறைந்து, சைலன்சரில் வெண்புகை ஓயாமல் வந்தால், கிளட்ச் பக்கத்துக் கிராங்க் சீல் போய்விட்டது. கியர்பெட்டி எண்ணெயை எஞ்சின் உறிஞ்சி எரித்துக்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் எந்த டப்பாவை ஊற்றினாலும் பயனில்லை. முதலில் சீலை மாற்ற வேண்டும்.