வெயிலில் வைக்கக் கூடாத பற்றரி

நாங்கள் நாலு பேர் காசு போட்டு வாங்கின ஒரேயொரு பொருள் ஒரு ரிமோட் கார். நாலு பேரும் கலைப்பீடம். சாதாரண தரப் பரீட்சையோட விஞ்ஞானப் புத்தகத்தை மூடின ஆக்கள். இது விளையாட்டுச் சாமான் கடையில விக்கிற கார் இல்லை. உண்மைக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவு, ரயர், மோட்டர், பற்றரி எல்லாத்தையும் தனித்தனியாகக் கழற்றி மாற்றலாம். வெளிநாட்டில இருந்து வந்த ஒருவர் திரும்பிப் போகேக்க விட்டிட்டுப் போனதை, அவற்ற சொந்தக்காரரிட்ட அரை விலைக்கு எடுத்தம். கூடவே ரெண்டு பற்றரியும் ஒரு சார்ஜரும் வந்தது. ஓட்டம் எண்டு பாத்தால் ஒரு நாளைக்கு இருபது நிமிசம்தான். மிச்ச நேரமெல்லாம் பற்றரியோடதான் குடித்தனம்.

ரெண்டு பற்றரியும் ரெண்டு விதம். ஒண்டு நிக்கல் மெற்றல் ஹைட்ரைட். 1.2 வோல்ற் கலம் ஆறு சேர்ந்து 7.2 வோல்ற். பாரமானது, முரட்டுத்தனமானது, சின்னச் சின்னப் பிழைகளைப் பொறுத்துப் போகும். நிரம்பி முடிஞ்சதும் அதின்ர வோல்ற்றளவு ஒரு துளி இறங்கும். நல்ல சார்ஜர் அந்த இறக்கத்தைப் பாத்துத் தானாக நிக்கும். மலிவுச் சார்ஜருக்கு அந்தக் கண் இல்லை. அது ஏத்திக்கொண்டே இருக்கும், பற்றரி கொதிக்கும். அப்படியான சார்ஜர் எண்டால் மணிக்கூடுதான் துணை. 3000 மில்லி அம்பியர் மணி பற்றரிக்கு 300 மில்லி அம்பியர் சார்ஜர் எண்டால் கணக்குப்படி 10 மணித்தியாலம். ஆனால் கொஞ்சம் வெப்பமாக வீணாகிறதால 14 மணித்தியாலம் வரைக்கும் போகும். விளையாடாமல் ஒரு மாதம் வைச்சால் தானாகவே வத்தியும் போகும்.

மற்றது இலிதியம் பொலிமர். சுருக்கமாக லைப்போ. 3.7 வோல்ற் கலம் ரெண்டு. கையில எடுத்தால் பாரமே தெரியாது, ஓட்டமெண்டால் பறக்கும். ஆனால் இது தொட்டாற்சுருங்கி. ஒரு கலம் 4.2 வோல்ற்றுக்கு மேல ஏறக் கூடாது, 3 வோல்ற்றுக்குக் கீழ இறங்கக் கூடாது. சும்மா வைக்கிறதெண்டால் 3.8 அளவில பாதி நிறைவில வைக்கோணும். முழுசா ஏத்திப்போட்டு நாளைக்கு ஓடுவம் எண்டு நினைச்சு, பிறகு பரீட்சை வந்து, மூண்டு கிழமை அப்படியே யாழ்ப்பாணத்து வெக்கைக்குள்ள கிடந்தால் அது மெல்ல மெல்லக் கெடும்.

லைப்போவில தடிச்ச வயர் ரெண்டோட, வெள்ளை நிறத்தில ஒரு சின்னப் பிளக்கும் இருக்கும். ரெண்டு கலப் பற்றரியெண்டால் அதில மூண்டு வயர். கனபேர் அதைக் கவனிக்கிறதே இல்லை. எங்களுக்கு அது விளங்கினது எங்கட அறைச் சாப்பாட்டுக் கணக்கால. நாலு பேர் சாப்பாட்டுக்கு மொத்தக் காசு சரியாக இருக்கும், ஆனால் ஒருத்தன் ரெண்டு பேருக்கானதைச் சாப்பிட்டிருப்பான். பற்றரியும் அப்படித்தான். மொத்தம் 8.4 வோல்ற் எண்டு காட்டும், உள்ளுக்க ஒரு கலம் 4.3, மற்றது 4.1 ஆக இருக்கலாம். கூடிப்போனதுதான் ஆபத்து. அந்த வெள்ளைப் பிளக்கைச் சார்ஜரில கொழுவினால்தான் சார்ஜர் ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியாகப் பாத்துச் சமன் செய்யும். வேகத்துக்கும் சுலபமான கணக்கு இருக்கு: 2200 மில்லி அம்பியர் மணி எண்டால் 2.2 அம்பியரில ஏத்தலாம், ஒரு மணித்தியாலமளவில முடியும். ஓடி முடிஞ்ச சூட்டோட கொழுவக் கூடாது, ஆறவிடோணும்.

எங்களுக்குக் கிடைச்ச லைப்போ வரும்போதே கொஞ்சம் வயிறு ஊதித்தான் இருந்தது. காரணம் பிறகுதான் பிடிபட்டது. காரில் வேகத்தைக் கட்டுப்படுத்துற பெட்டியில பற்றரி வகையைத் தெரிவு செய்யிற சின்னக் கொழுவி ஒண்டு இருக்கு. முன்னம் வைச்சிருந்தவர் அதை நிக்கல் பக்கம் விட்டிருக்கிறார். லைப்போ பக்கம் விட்டிருந்தால் வோல்ற் குறையேக்க மோட்டரை நிப்பாட்டும். நிக்கல் பக்கம் எண்டால் இன்னும் கீழ இறங்க விட்டிடும். அப்படி இறங்கி இறங்கிக் கெட்ட கலத்துக்குள்ள திரவம் சிதைஞ்சு வாயுவாகிறது. ஊதல் அதுதான்.

இந்த இடத்தில எங்களுக்குள்ள சண்டை. டொலர் 200 ரூபாவில இருந்து 360 தாண்டின 2022க்குப் பிறகு, இப்படியான பற்றரி ஒண்டு வாங்கிறது மாணவர் கையில இருக்கிற காசுக்கு விளையாட்டில்லை. ஒருத்தன் சொன்னான், கொஞ்சந்தானே ஊதியிருக்கு, ஓடுவம் எண்டு. இன்னொருத்தன் ஊசியால குத்திக் காத்தை விட்டிட்டு ரேப் ஒட்டுவமோ எண்டு கேட்டான். குத்தினால் உள்ளுக்க தகடுகள் ஒண்டோடொண்டு முட்டித் தீப் பிடிக்கும், வாற புகையும் நஞ்சு.

வீட்டுக்கார அன்ரி வேற யோசனை சொன்னா. "தம்பியவை, அதை ரெண்டு நாள் வெயிலில போட்டு எடுங்கோ, சரிவரும்." அன்ரியைச் சிரிக்க எங்களுக்கு மனம் வரேல்லை. 1990இல வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தபோது தடுத்த சாமான்களில பற்றரியும் ஒண்டு. ரோச் லைட்டுக்குப் போடுற உலர் கலத்தையும் வெயிலில காயவைச்சு, ஓட்டை போட்டு உப்புத்தண்ணி விட்டு, கடைசிச் சொட்டு வரைக்கும் பாவிச்ச காலம் அது. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைக் கையால சுத்தி, டைனமோவில ரேடியோ கேட்ட சனம். பற்றரியைப் பேணுறதெண்டால் என்ன எண்டு எங்களை விட அவைக்குத்தான் தெரியும். ஆனால் அந்த அறிவை இந்தப் பொருளில அப்படியே போட்டுப் பாக்க ஏலாது. அண்டைக்குக் கலத்தைக் காப்பாத்தின வெயிலும் ஓட்டையும்தான் இதுக்கு எமன். "முழுசா இறக்கிப்போட்டு ஏத்தோணும்" எண்டு சொல்லுற பழக்கமும் நிக்கல் கட்மியம் காலத்தது. லைப்போவுக்கு நேரெதிர்.

எங்கட தலைமுறைக்கும் ஒரு பழக்கம் இருக்கு. 2022இல 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் போன நாட்களில, வந்த உடன எல்லாத்தையும் பிளக்கில குத்திப்போட்டுப் படுக்கப் பழகினம். போனுக்கு அது சரிவரும், அதுக்குள்ளேயே காவல் இருக்கு. லைப்போவைச் சார்ஜரில விட்டிட்டு நித்திரை கொள்ளேலாது. அன்ரியின்ர பேரனுக்கு ஆறு வயசு. அவன் படுக்கிற அறைக்கும் எங்கட அறைக்கும் நடுவில ஒரு சுவர்தான். இதைச் சொன்ன பிறகு சண்டை நிண்டிட்டுது. சார்ஜரை விறாந்தைச் சீமெந்துத் தரைக்கு மாத்தினம். பக்கத்தில மண் வாளி, ஆராவது ஒருத்தர் காவல். மெத்தை, பாய், கொப்பி ஒண்டும் கிட்ட இல்லை.

ஊதின பற்றரியை வளவுக்குள்ள மண் வாளியில வைச்சு, 12 வோல்ற் மோட்டச் சைக்கிள் பல்ப் ஒண்டைக் கொழுவி விட்டம், மெல்ல வத்தட்டும் எண்டு. பின்னேரம் முழுக்க மங்கல் மஞ்சளாக எரிஞ்சது. அன்ரி கதிரை போட்டு இருந்து பாத்தா, அந்தக் காலத்தில பெடல் சுத்தினது ஆர், பாட்டுக் கேட்டது ஆர் எண்ட பழைய வழக்கையும் சொல்லிக்கொண்டு. சுத்தினது எப்பவும் அவதானாம். இருட்டின பிறகு பல்ப் நூந்திட்டுது. அடுத்த நாள் முனைகளுக்கு ரேப் சுத்தி, மண் நிரப்பின பிஸ்கட் ரின்னுக்குள்ள வைச்சம். இதை வாங்கிற இடம் ஒண்டு கண்டுபிடிக்கும் வரைக்கும் ரின் வளவு மூலையிலதான், குப்பையோட போகாது.

புதுசுக்குக் காசு சேருது. அதுவரைக்கும் நிக்கலோடதான் ஓட்டம். பேரனுக்கு அந்த வேகமே காணும். எங்களுக்குத்தான் ரிமோட் கிடைக்கிறேல்லை.