அறுபதாவது செக்கன்

வாவிக்கரையோரத்து எங்கள் பாடசாலைக்கு ஓர் உதவி நிதியம் புலமைப்பரிசில் அறிவித்திருந்தது. 41 பிள்ளைகளின் பட்டியலை, சான்றிதழ்ப் படங்களோடு, இணையத்தில் ஏற்ற வேண்டும். அன்று கடைசி நாள். ஏற்றினேன். வட்டம் சுற்றியது, சுற்றியது, அறுந்தது. சிக்னல் இல்லையென்று மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு தோணித்துறைக்கே போனேன். அங்கும் அதே கதைதான். நாலு தரம் அழுத்தினேன்.

மஹ்ரிபுக்குப் பிறகு வந்த மருமகன் மணிக்கூட்டைப் பார்க்கச் சொன்னான். "மாமா, சிக்னல் என்றால் கண்ட நேரத்தில் போகும். இது ஏற்றி முடிந்து சரியாக 60 செக்கனில் போகுதே!"

திரையில் 504 என்று விழுந்தது. நமக்கும் சேவையகத்துக்கும் நடுவே என்ஜின்எக்ஸ் என்றொரு தரகன் இருப்பானாம். பின்னாலிருந்து 60 செக்கனுக்கு ஒரு சத்தமும் வராவிட்டால் கதவைச் சாத்திவிடுவான்; யாரும் மாற்றி அமைக்காதவரை அவன் கணக்கு அதுதான். (பதில் சொல்லத் தாமதிக்கும் பிள்ளைக்கு நான் அவ்வளவு நேரம்கூடக் கொடுத்ததில்லை.) ஆனால் உள்ளே தொடங்கிய வேலை பெரும்பாலும் நிற்பதில்லை.

எனக்கு நெஞ்சு திக்கென்றது. 41 பேரும் நாலு தரம் பதிவாகியிருந்தார்கள். இரட்டைப் பதிவுகள் நிராகரிக்கப்படும் என்று அறிவித்தலில் இருந்தது. ஒவ்வொன்றாக நீக்கினோம். நள்ளிரவுக்கு 20 நிமிடம் இருக்க எண்ணினால், 40. மீனவர் வீட்டுப் பிள்ளை ஒருத்தியையும் சேர்த்து அழித்திருந்தோம்.

அவளைத் தனியாக ஏற்றினேன். மூன்று செக்கனில் போய்விட்டது.