கனெக்டிகட் நதிக்கரையில் தட்டுக்கழி

நியூயார்க்கிலிருந்து வடகிழக்கே சுமார் இரண்டு மணி நேரம் மோட்டாரில் பிரயாணம் செய்தால், கனெக்டிகட் நதிக்கரையில் மிடில்டவுன் என்னும் ஊர் வருகிறது. வெஸ்லியன் சர்வகலாசாலை இருக்கும் ஊர் அது. ஐப்பசி மாதத்தில் நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது, மரங்களெல்லாம் குங்குமத்தையும் மஞ்சளையும் வாரி இறைத்தாற்போல் நின்றன. ஆனால் நான் இலைகளைப் பார்க்கப் போகவில்லை. நமது பரதநாட்டியத்தை அந்நிய தேசத்தார் படுத்தும் பாட்டைக் கண்டு கொஞ்சம் சிரித்துவிட்டு வரலாம் என்று போனேன். இந்த உண்மையை நேயர்களிடம் ஒளிப்பானேன்?

இவ்வூருக்கும் நம் சென்னைக்கும் உள்ள உறவு பழையது. வீணை தனம்மாளின் பேத்தியான ஸ்ரீமதி பாலசரஸ்வதி, 1962-இல் முதன்முதலாக அமெரிக்கா சென்று ஆடினார். பின்னர் வெஸ்லியனிலும் கலிபோர்னியாவிலும் கற்பித்தார். அவருடைய சகோதரர்களில் ரங்கநாதன் மிருதங்கமும், விசுவநாதன் புல்லாங்குழலும் இதே வெஸ்லியனில் போதித்தார்கள். இன்றும் இங்கே ஆண்டுதோறும் நவராத்திரி விழா நடைபெறுகிறது.

நான் பார்த்த வகுப்பில் பத்துப் பேர் இருந்தார்கள். வெளியே குளிர் எலும்பைத் துளைத்தது. உள்ளே அவர்கள் பலகைத் தரையில் வெறுங்காலுடன் அரைமண்டியில் நின்றுகொண்டிருந்தார்கள். ஆசிரியை தட்டுக்கழியை எடுத்துக் கட்டையில் தட்டி, "தையா தை" என்றார். பத்து ஜோடிப் பாதங்கள் ஒரே அடியாக விழுந்தன. முதற்காலம், இரண்டாங்காலம், மூன்றாங்காலம் என்று அடவு ஏறிக்கொண்டே போயிற்று. ஒருவர் தாளம் தப்பினால் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடவு சரி, அபிநயத்துக்கு என்ன செய்வார்கள்? பதமோ தெலுங்கு; நாயகியின் ஊடலோ நம் நாட்டு ஊடல். பாஷை தெரியாதவர்களுக்கு அது எப்படி விளங்கும்? ஆசிரியை அன்று அவர்களை ஆடவே விடவில்லை. உட்காரவைத்து, ஒரே ஒரு வரியைப் பாடச் சொன்னார். சொல்லுக்குச் சொல் பொருள் சொன்னார். மறுபடியும் பாடச் சொன்னார். ஒரு மணி நேரம் ஆயிற்று, கை அசையவில்லை. பாட்டு உள்ளே இறங்காமல் முத்திரை பிடிப்பதில் பயன் இல்லை என்பது பாலசரஸ்வதியின் வழி. அவரே பாடிக்கொண்டு ஆடியவர் அல்லவா?

வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி என்னிடம் வந்தாள். "உங்கள் குடும்பத்தில் யார் இதைக் கற்றிருக்கிறார்கள்?" என்று மிகுந்த மரியாதையுடன் கேட்டாள்.

எனக்கு நாக்கு எழவில்லை. எங்கள் பாட்டி காலத்தில் 'சதிர்' என்ற சொல்லையே வீட்டில் உரக்கச் சொல்லமாட்டார்கள். அந்தக் கலையைக் காத்துவந்த குலத்துப் பெண்களை நாம் எப்படி நடத்தினோம்? கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுத்து 1947-இல் சென்னையில் சட்டம் வந்தது. கொடுமை ஒழிந்தது நல்லதே. ஆனால் வழக்கத்தை வெறுத்த வேகத்தில், வித்தையைத் தாங்கியவர்களையும் சேர்த்தே ஒதுக்கினோம். பிறகு அதே ஆட்டத்துக்குப் புதுப்பெயர் சூட்டி, நம் பெண்களுக்குக் கற்பித்துப் பெருமை கொண்டாடினோம்.

"ஒருவரும் இல்லை, அம்மா" என்றேன்.

அவள் வியப்படைந்தாள், ஆனால் மேலும் கேட்கவில்லை. குனிந்து, தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

அயல்நாட்டார் நம் கலையைக் கெடுத்துவிடுவார்களோ என்று நம்மில் பலர் கவலைப்படுகிறோம். கவலைப்பட வேண்டியதுதான். ஆயினும், யாரிடமிருந்து அது நமக்கு வந்தது என்பதை அவ்வூரில் மறக்கவில்லை. நம் ஊரிலும் அவர்கள் பெயரைச் சொல்லிவிட்டுச் சலங்கை கட்டினால் என்ன குறைந்துவிடும்?