மதினி மகன் வாங்கின காரு

ஏட்டி ராசாத்தி,

உன் தம்பி பழைய கார் பாக்கான்னு எழுதியிருந்தியே, படிச்ச கையோட பேனாவை எடுத்துட்டேன். இங்க தாராவி தொண்ணூறடி ரோடு பூரா இப்ப ஒரே பேச்சு, எங்க மதினி மகன் வாங்கின காருதான்.

செம்பூர்ல ஒரு பேங்க் ஆபீசர் ரெண்டு வருசம் ஓட்டின வெள்ளை வேகன் ஆர். "எங்கடே நிறுத்துவ?"ன்னு நான்தான் கேட்டேன். எங்க சந்துல எதிரெதிரா ரெண்டு பேர் வந்தா ஒருத்தர் சுவத்தோட ஒட்டிக்கிடணும். "ரோட்டுல நிக்கட்டும், ஊர்க்காரு எல்லாம் நிக்கலையா"ங்கா மதினி. அவ வாய்க்கு நான் என்ன பதில் சொல்ல!

வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பாத்து செம்பூர்லயே பூசை. நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம், குங்குமம் தடவின பூசணிக்காய், கண்ணாடியில சந்தனம், முன்னால மாட்டுங்காவுலேருந்து வரவழைச்ச கதம்பம். பாக்குறவங்ககிட்ட எல்லாம் பூ விலையைச் சொன்னா மதினி. பூவுக்கு அலைஞ்சவ பாலிசிப் பேப்பரைத் திருப்பிக்கூடப் பாக்கல. "மூணு வருச இன்சூரன்ஸ், இன்னும் ஒரு வருசம் பாக்கி இருக்கு"ன்னு ஆபீசர் சொல்லவும் இவங்களுக்கு வாயெல்லாம் பல்லு.

சயான்ல திரும்பும்போது பய டிவைடர்ல ஏத்திட்டான். ஆளுக்கு ஒண்ணுமில்ல, சாமி புண்ணியம். பம்பர் ரெண்டு துண்டு, ஹெட்லைட் காலி. ஒர்க்‌ஷாப்ல 28,000 ரூபாய்ங்கான். இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டா, பைசா கிடையாதுன்னுட்டாங்க.

ஏன்னு கேளு. அந்த மூணு வருசம், நம்ம வண்டியால அடுத்தவங்களுக்கு நட்டம் வந்தா குடுக்குற தேர்டு பார்ட்டிக்கு மட்டுந்தான். நம்ம கோயம்புத்தூர் எலும்பு டாக்டர் ராஜசேகரன் போட்ட வழக்குலதான் சுப்ரீம் கோர்ட் சொல்லி, 2018 செப்டம்பர் 1-லேருந்து புதுக் காருக்கு அதை மூணு வருசத்துக்குச் சேத்தே எடுக்கணும்னு ஆச்சு. நம்ம காருக்கே அடிபட்டா குடுக்குறது ஓன் டேமேஜ். ஆபீசர் அதை வருசா வருசம் புதுப்பிச்சிருக்காரு, காலாவதியும் ஆகல. ஆனா அவர் பேர்ல! வண்டி கை மாறினா தேர்டு பார்ட்டி தானா கூட வந்துரும். ஓன் டேமேஜ் வராதுன்னு 1995-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிட்டு. 14 நாளைக்குள்ள கம்பெனிக்கு எழுதிக் குடுக்கணும்னு ஒரு சட்டம் இருக்குல்லா, அதைப் பாதி கேட்டுட்டு, 14 நாள் வரைக்கும் எல்லாத்துக்கும் காப்பு உண்டுன்னு நெனச்சிருக்கு இந்தக் கூட்டம்.

ஆபீசருக்கு இப்பத் தூக்கமில்ல. ஆர்.சி. புத்தகத்துல யார் பேர் இருக்கோ அவர்தான் முதலாளின்னு 2018-ல இன்னொரு தீர்ப்பு. யாரையாவது இடிச்சிருந்தா நோட்டீஸ் அவர் வீட்டுக்குத்தான் போகும். "பேர் மாத்தியாச்சா, பேர் மாத்தியாச்சா"ன்னு தெனமும் போன் போடுதாரு. வித்தவருக்கு இருக்குற பதட்டம் வாங்கினவனுக்கு இல்ல, அதைச் சொன்னா மதினிக்குக் கோவம் வருது.

உன் தம்பி அவசரப்பட வேண்டாம். பேர் மாத்துற 29, 30-ஆம் நம்பர் பாரத்துல வித்தவர் கையெழுத்தை வாங்கி, இன்சூரன்ஸ் ஏஜென்டுகிட்ட குடுத்து, பாலிசி தன் பேருக்கு வந்ததைப் போன்ல பாத்துட்டு அப்புறமா சாவியைத் தொடச் சொல்லு. "என் நோ கிளெய்ம் போனஸையும் சேத்துத் தாரேன்"னு எவனாவது விலையைக் கூட்டினா நம்பாத, அது ஆளோட போறது, வண்டியோட வராது. இன்சூரன்சே இல்லாம ஓட்டிப் புடிபட்டா மொதத் தடவைக்கே 2,000 ரூபாய் அபராதம். தண்ணி தேங்குற ஊரா இருந்தா எஞ்சினுக்குன்னு தனியா ஒரு காப்பு இருக்கு, அதையும் சேத்துக்கிடட்டும். இங்க மழைக்கு கிங் சர்க்கிள் பக்கம் போய்ப் பாத்தாத் தெரியும்.

இதைத் தம்பிக்கு அப்படியே படிச்சுக் காட்டு. மதினி கதைன்னு மட்டும் ஊர்ல யார்கிட்டயும் மூச்சு விட்டுராத.

உன் பிரியமுள்ள,
தாராவிக்காரி