விடுமுறை யாருக்கு?

தவணையின் இறுதி நாளிற் கடைசி மணி அடித்ததும் மாணவர் கொள்ளும் மகிழ்ச்சியை நாம் இருபது ஆண்டுகளாகக் கண்டு வருகின்றோம். அந்நேரத்தில் ஆசிரியர் கொள்ளும் மகிழ்ச்சி அதனினும் பெரிது. இதனை மாணவர் அறியார்; அறியாதிருப்பதே கல்லூரியின் ஒழுங்குக்கு நன்று. ஆனால், விடுமுறை என்பது எல்லார்க்கும் ஒன்றுபோலவே வருகின்றது என்று நாம் கொண்டிருந்த எண்ணம் பிழையானது என்பதைச் சென்ற ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் எமது வீட்டிலேயே பாடம் கேட்டு அறிந்தோம். அக்கதையைக் கூறுவதில் எமக்குச் சிறிது வெட்கம் உண்டு. எனினும், எம்மைப் போன்ற குடும்பத் தலைவர்கள் வேறு பலரும் இருப்பர் என்னும் துணிவினாற் கூறுகின்றோம்.

எமது குடும்பம் ஐவரைக் கொண்டது. எமது தாயாருக்கு வயது எழுபத்துநான்கு. துணைவியார் அரச அலுவலகமொன்றில் எழுதுவினைஞர். மகள் பத்தாந் தரத்திலும் மகன் ஏழாந் தரத்திலும் கற்கின்றனர். ஓர் இரவு, உணவு முடிந்த பின்னர், "இம்முறை விடுமுறைக்கு எங்கே போகலாம்?" என்று வினவினோம்.

"மாலைதீவுக்குப் போவம் அப்பா!" என்றாள் மகள். தொலைபேசியில் அவள் காட்டிய படங்களில் நீல நீரும் வெண்மணலும், கடலுக்கு மேலே கால் ஊன்றி நிற்கும் குடில்களும் இருந்தன.

புவியியல் கற்பிப்பவரிடம் தீவின் பெயரைச் சொன்னால் என்ன நிகழும் என்பதை அவள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். நாம் தொடங்கிவிட்டோம். மாலைதீவு ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறு தீவுகளின் கூட்டம். அவற்றுள் மக்கள் குடியிருப்பவை இருநூறு வரையிலேயே. கடல்மட்டத்திலிருந்து அந்நிலத்தின் சராசரி உயரம் ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் மாத்திரமே. அத்தீவுகள் முருகைக்கல்லால் ஆனவை. வட்டமாய் அமைந்த முருகைக்கற் பாறைகளுக்கு உலகம் வழங்கும் 'அதொல்' என்னும் பெயரே அந்நாட்டவரின் திவேகி மொழியிலிருந்து சென்றதுதான். அவை எவ்வாறு தோன்றின என்பதைச் சாள்ஸ் டார்வின் 1842இல் ஒரு நூலாக எழுதி விளக்கினார். அங்கே முதலாவது உல்லாச விடுதி 1972இல் திறக்கப்பட்டது. ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்பதே அதன் பின் வழக்கமாயிற்று.

"மாசி வாற ஊர்தானே தம்பி?" என்று எமது தாயார் கேட்டார். ஆம், யாழ்ப்பாணத்துச் சம்பலுக்கு மணமூட்டும் மாசிக் கருவாடு அத்தீவுகளிலிருந்து வந்த பொருளே. நாற்பது நிமிட விரிவுரையில் நாம் கூறத் தவறியதை அவர் ஒரே வரியிற் கூறிவிட்டார்.

பின்னர் கணக்குப் பார்த்தோம். கொழும்பிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் விமானம் மாலேயை அடையும். அந்த வகையில் அது அயல்வீடே. ஆனால் அங்கே விடுதிக் கட்டணம் டொலரிற் பேசப்படுகின்றது. 2022ஆம் ஆண்டில், சில மாதங்களுக்குள், இருநூறு ரூபாவாக இருந்த ஒரு டொலர் 360 ரூபாவுக்கு ஏறியதை மறந்த ஆசிரியர் இந்நாட்டில் எவருமிலர். ஐவர் நான்கு நாள் தங்குவதற்கு எமது ஆறு மாதச் சம்பளமும் போதாது என்பது தெரிந்தது. அன்றியும், ஓகஸ்ட் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று வீசுங் காலம். மே முதல் மாலைதீவில் மழையும் கொந்தளிப்பும் மிகும். பணத்தைக் கொடுத்து மழையை வாங்குவதோ என்றோம். மகள் முகம் வாடினாள். எனினும் கணக்கை மறுத்தாளில்லை.

"நாங்கள் இருக்கிறதும் தீவுதானே?" என்றான் மகன். அவன் விளையாட்டாகவே கூறினான். நாம் அதனைப் பற்றிக் கொண்டோம். இலங்கையின் மேற்கிலும் தெற்கிலும் சோளகம் கடலைக் கலக்கும் அதே மாதங்களிற் கிழக்குக் கரை வெயிலோடும் அமைதியோடும் இருக்கும். நடுவேயுள்ள மலைநாடு மழையைத் தடுத்துக் கொள்வதே இதற்குக் காரணம். வாடைக்காற்றுடன் மழை வரும்வரை, அதாவது ஏப்பிரல் தொடக்கம் செப்ரெம்பர் வரை, திருக்கோணமலைக் கடல் பிள்ளைகள் இறங்கத் தக்கதாயிருக்கும். எனவே நிலாவெளி எனத் தீர்மானமாயிற்று. திருக்கோணமலை நகருக்கு வடக்கே பதினைந்து கிலோமீற்றர் அளவில் அது உள்ளது. அதற்கு எதிரே, கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் தொலைவிற் புறாத்தீவு. மாடப்புறாக்கள் கூடு கட்டுவதால் வந்த பெயர் அது. 1963இற் சரணாலயமாகிய அவ்விடம் 2003இல் தேசியப் பூங்காவாயிற்று. மாலைதீவுக்குப் போகாமலே முருகைக்கல்லைப் பார்க்கலாம் என்றதும் மகளின் முகம் மலர்ந்தது.

அன்றிரவே ஒரு கொப்பியை எடுத்துத் திட்டம் எழுதலானோம். நான்கு நிரல்கள் வரைந்தோம்: நாள், கருமம், தூரம், செலவு. செலவைக் குறைத்து நாட்களைக் கூட்ட வேண்டும் என்பது எமது கொள்கை. விடுதியிலே தங்கினால் இரண்டு இரவுக்கு ஆகும் பணத்தில், சமையலறையோடு கூடிய ஒரு வீட்டை நான்கு இரவுக்கு வாடகைக்குப் பெறலாம் எனக் கண்டோம். அரிசி, கறித்தூள், பருப்பு, காஸ் அடுப்பு ஆகியவற்றை வாகனத்தில் ஏற்றிச் செல்லலாம். அவ்விடுமுறை நல்லூர்த் திருவிழாக் காலத்துள் அமைந்தது. அந்த இருபத்தைந்து நாளும் எமது வீட்டில் மரக்கறி உணவே. வெளியே சாப்பிட்டு அதற்குப் பங்கம் நேரவேண்டாம். வீட்டுச் சமையலே உத்தமம் என்றும் எழுதி வைத்தோம். தேருக்கு மூன்று நாள் முன்னதாக வீடு திரும்ப வேண்டும் என்பது தாயாரின் கட்டளை. அதுவும் சேர்க்கப்பட்டது. பதினாறு கருமங்கள் நிரைப்படுத்தப்பட்டன. கொப்பியை மேசை மீது விரித்து வைத்துவிட்டு, நாட்டின் ஐந்தாண்டுத் திட்டத்தை வகுத்து முடித்த அமைச்சரைப் போல உறங்கச் சென்றோம்.

மறுநாட் காலை கொப்பியைப் பார்த்தபோது ஐந்தாவது நிரல் ஒன்று பென்சிலால் வரையப்பட்டிருந்தது. அதன் தலைப்பு: 'செய்பவர்'. எழுத்து எமது துணைவியாருடையது. சாமான்களைக் கட்டுதல் என்பதற்கு எதிரே 'நான்' என்றிருந்தது. வழிக்குக் கட்டுச்சோறு: நான். காலையில் இடியப்பம்: நான். மத்தியானச் சமையல்: நான். பிள்ளைகளின் உப்புநீர் உடுப்புகளைத் தோய்த்தல்: நான். மாமிக்கு மருந்து கொடுத்தல்: நான். வாடகை வீட்டைக் கூட்டிக் கழுவி ஒப்படைத்தல்: நான். பதினாறில் பதின்மூன்று இடங்களில் அச்சொல் இருந்தது. வாகனம் ஓட்டுதல் என்பதற்கு எதிரே 'சாரதி' என்றிருந்தது. எஞ்சிய இரண்டில், அதாவது பணம் கொடுத்தல், இடங்களை விளக்குதல் என்பவற்றில், 'அவர்' என்று எழுதப்பட்டிருந்தது.

நாம் சிறிது சினந்தோம் என்பதை மறைக்கப் போவதில்லை. "இது என்ன? குடும்பத்தின் மகிழ்ச்சிக்காகத் தானே நாம் இவ்வளவு பாடுபட்டு எழுதினோம்?" என்றோம்.

அவர் சினக்கவில்லை. அலுவலகத்துக்குப் புறப்படும் அவசரத்திற் கூந்தலை முடித்தவாறே, "இஞ்சாருங்கோ, நீங்கள் எழுதினதிலை ஒரு பிழையும் இல்லை. எல்லாரும் போட்டு வாருங்கோ. அங்கையும் அடுப்படி, இஞ்சையும் அடுப்படி எண்டால் இஞ்சத்தை அடுப்படி எனக்குப் பழக்கம்" என்றார்.

இதற்கு மறுமொழி தேடிக் கொண்டிருந்த எம்மை எமது தாயார் மீட்கவில்லை, மேலும் ஆழ்த்தினார். மாமியும் மருமகளும் ஒருவர் பக்கத்தில் மற்றவர் நிற்பது எமது வீட்டில் நாள்தோறும் காணும் காட்சியன்று. "தம்பி, 74ஆம் ஆண்டு கொப்பரோடையும் அவற்றை ஆக்களோடையும் கோணேசர் கோயிலுக்குப் போனனான். பதினெட்டுப் பேர். மூண்டு நாளும் மடத்து அடுப்படியிலைதான் நிண்டனான். சாமியை ஓடிப்போய்க் கும்பிட்டிட்டு ஓடி வந்தனான். கடலை ஆர் கண்டது?" என்றார்.

எமது தந்தையார் அந்த யாத்திரையைப் பற்றி எத்தனையோ முறை எமக்குச் சுவைபடக் கூறியிருக்கின்றார். பாறையின் செங்குத்தும், கீழே அலைகள் மோதும் ஓசையும், மாலைக் காற்றும் அவர் சொல்லக் கேட்டு எமக்கு மனப்பாடம். அதே மூன்று நாட்களைப் பற்றித் தாயார் வாய் திறந்ததை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டோம். நாம் கேட்டதில்லை ஆதலின் அவர் சொன்னதில்லை போலும்.

அன்று மாலை கொப்பியில் ஒரு புதிய தாளைப் புரட்டினோம். செலவு அதே செலவு. நாட்கள் நான்கிலிருந்து இரண்டாயின. மூன்று வேளை உணவும் அறை சுத்திகரிப்பும் கட்டணத்துள் அடங்கும் விடுதி ஒன்றைத் தேர்ந்தோம். 'உல்லாச விடுதி' என்னும் பெயரைக் கேட்கும் போதெல்லாம் அது வீண் ஆடம்பரம் என்று இகழ்ந்து வந்த நாம், பிறர் சமைத்த ஒரு கவளச் சோறே சிலருக்கு உல்லாசமாகும் என்பதை அதுவரை எண்ணியதில்லை. தாயாருக்காக, மரக்கறி உணவுக்குப் புறம்பான பாத்திரம் உண்டோ, மாசி சேர்க்காத சம்பல் கிடைக்குமோ எனத் தொலைபேசியில் வினவினோம். உண்டு என்றனர். அதனை விசாரித்தவர் நாமே என்பதையும், ஐந்தாவது நிரலில் எமது பெயரை நாமே எழுதினோம் என்பதையும் இங்கே குறிப்பிடுகின்றோம். பெருமைப்படுவதற்கு எமக்கு வேறு அதிகம் இல்லை.

வவுனியா, ஹொறவப்பொத்தானை வழியாக இருநூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணம். முதலிலே கோணேசர் கோயிலுக்குச் சென்றோம். கோட்டைக்குள்ளே மான்கள் மேய்வதைக் கண்டு பிள்ளைகள் நின்றுவிட்டனர். போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டிற் பழைய கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு அக்கோட்டையைக் கட்டினர் என்பதை விளக்க வாயெடுத்தோம். தாயார் நிற்கவில்லை. பேத்தியின் கையைப் பிடித்தபடி, தரிசனம் முடிந்ததும் பாறையின் ஓரத்துக் கம்பி வேலிவரை நடந்தார். அங்கே நெடுநேரம் நின்றார். "இவ்வளவு பெரிய கடலோ இதுக்குப் பின்னாலை இருந்தது!" என்றார். நாம் விளக்கத்தை நிறுத்திக் கொண்டோம்.

மறுநாட் புறாத்தீவுக்குப் படகு புறப்பட்டது. தாயாரின் முழங்கால் படகுக்கு இசையாது; ஒருவர் கரையில் அவருடன் இருக்க வேண்டும். வழக்கமாக அந்த ஒருவர் யார் என்பது வாசகர்க்குத் தெரியும். இம்முறை நாம் இருந்தோம். முருகைக்கல் உயிருள்ளது, நுண்ணிய பிராணிகளின் கூட்டத்தால் ஆனது, பெரும் பாறையாய் அமைவன ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவே வளர்வன, ஆதலால் அதன்மேற் கால் வைத்தல் ஆகாது என்றெல்லாம் கூறத் தயாரித்திருந்த விரிவுரை எம் வாய்க்குள்ளேயே தங்கிற்று. மூன்று மணி நேரத்தின் பின் அவர்கள் நனைந்த தலையோடு திரும்பினர். மகள் மூச்சு விடாமற் பேசினாள். செட்டையின் நுனி கறுத்த சிறு சுறாக்களை அம்மாதான் முதலிற் கண்டவர் என்றாள். இருபது ஆண்டுகளாக நாம் கரும்பலகையில் வரைந்து காட்டும் முருகைக்கல்லை எமது துணைவியார் நேரிற் கண்டுவிட்டார். நாம் இன்னும் கண்டதில்லை.

அடுத்த நாள் விடியற்காலை நான்கரை மணிக்கு அவர் வழக்கம்போல எழுந்தார். செய்வதற்கு ஒன்றுமில்லை. சிறிது நேரம் கட்டிலிலேயே இருந்தார். பின்னர் கதவைத் திறந்து மணலுக்குச் சென்று அமர்ந்தார். கிழக்குக் கரையாதலால் ஞாயிறு கடலிலிருந்தே எழுகின்றது. நாம் சென்று அருகில் அமர்ந்தபோது, "இவங்கடை பருப்புக் கறிக்கு உப்புக் காணாது" என்றார். சற்றுப் பொறுத்து, "எண்டாலும் நல்லாய்த்தான் இருந்தது" என்றார். வேறொன்றும் பேசவில்லை. அவர் அவ்வாறு கைகளை மடியில் வைத்துக்கொண்டு வெறுமனே இருந்ததை நாம் முன்னர் எப்பொழுது கண்டோம் என நினைத்துப் பார்த்தோம். நினைவுக்கு எட்டவில்லை.

வீட்டுக்கு வீடு வசதி வேறுபடும். விடுதிக் கட்டணம் எல்லார்க்கும் இயல்வதன்று. எமக்கும் ஆண்டுதோறும் இயலாது. ஆனால் பென்சிலும் கொப்பியும் எவ்வீட்டிலும் உண்டு. விடுமுறைக்கு எங்கே போவது என்று தீர்மானிக்கு முன்னர், ஐந்தாவது நிரலையும் வரைந்து, அதிலே ஒரே பெயர் எத்தனை முறை வருகின்றது என எண்ணிப் பார்க்குமாறு குடும்பத் தலைவர்களைக் கேட்டுக் கொள்கின்றோம். மாணவர்கள் அந்நிரலிற் தம் பெயரையும் எழுதலாம், தடையில்லை.

இவ்வாண்டு விடுமுறைக்கு உறவினர் வீடொன்றிற் தங்குவதாகப் பேச்சு நடக்கின்றது. மகன் இப்போதே ஐந்து நிரலும் வரைந்து வைத்துவிட்டான். எமது பெயர் ஆறு இடங்களில் வந்துள்ளது. அவற்றுள் ஒன்று தேங்காய் துருவுதல். அதனைத் துணைவியாரிடம் இப்போது கற்று வருகின்றோம்.