வலது கீழ்மூலை

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் டிசைன் ஆபீஸில் கம்ப்யூட்டர் கிடையாது. டிரேசிங் தாளில் இங்க் பேனா, பிசகினால் பிளேடால் சுரண்டல், பிறகு அமோனியா பிரிண்ட். பிரிண்ட் அறையில் ஐந்து நிமிடம் நின்றால் கண்ணில் நீர் கொட்டும்.

எங்கள் ஹெட் டிராஃப்ட்ஸ்மேனிடம் இன்ஜினியர்களே கொஞ்சம் பயந்துதான் பேசுவோம். அவரிடம் ஒரு நீளமான ரிஜிஸ்டர் இருந்தது. படத்தின் எண், திருத்த எண், தேதி, யாருக்கு எத்தனை பிரதி, பழைய பிரதி திரும்பி வந்ததா என்று கட்டங்கள். கடைசிக் கட்டம் காலியாக இருந்தால் புதிய படம் கிடைக்காது. "பழசைக் கொண்டாங்க சார், அப்புறம் புதுசு." சைட்டிலிருந்து பஸ் பிடித்து வந்த ஜூனியர்கள் முணுமுணுத்துக்கொண்டே திரும்புவார்கள்.

அவர் பிடிவாதத்தின் அருமை ஒரு பால வேலையில் தெரிந்தது. தூணின் அடித்தளத்துக்கு முதலில் 20 மி.மீ. கம்பி கொடுத்திருந்தோம். மண் பரிசோதனை முடிவு வந்தபின் 25 மி.மீ. என்று திருத்தினோம். படத்தின் எண் அதேதான். ஆர்-0 என்பது ஆர்-1 ஆயிற்று. பழைய பிரிண்டுகள் எல்லாம் ஒழுங்காகத் திரும்பி வந்தன. ஆனால் கம்பி கட்டும் மேஸ்திரிக்கு வசதியாக இருக்கட்டும் என்று, அந்தப் பகுதியை மட்டும் யாரோ முன்பே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். எண்ணும் திருத்தமும் எழுதியிருக்கும் வலது கீழ்மூலை அதில் இல்லை.

மறுநாள் காலை கான்கிரீட். முந்தின நாள் சாயங்காலம் கம்பி சரிபார்க்கப் போனபோதுதான் பார்த்தோம். அத்தனையும் 20 மி.மீ. கம்பியின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. பிரித்துக் கட்டச் சொன்னோம். காண்ட்ராக்டர் போட்ட சத்தம் ஆற்றின் அக்கரைக்கே கேட்டிருக்கும்.

பிறகு ஆட்டோகேட் வந்தது. கண்ணெரிச்சல் போயிற்று, குழப்பம் போகவில்லை. ஒரே ஃபோல்டரில் 'ஃபைனல்', 'ஃபைனல் நியூ', 'ஃபைனல் லேட்டஸ்ட்'! அந்த ரிஜிஸ்டரை மனதில் வைத்து மூன்று ஃபோல்டர் போட்டேன்: வேலையில் உள்ளவை, வெளியே கொடுத்தவை, ரத்தானவை. ஃபைலின் பெயரில் பட எண்ணும் திருத்த எண்ணும் மட்டும். ரத்தானதை அழிக்கக் கூடாது. பத்து வருடம் கழித்து விரிசல் விட்டால், அன்றைக்கு எந்தப் படம் நடப்பில் இருந்தது என்றுதான் முதலில் கேட்பார்கள்.

போன மாதம் என் தங்கை மகன் வந்திருந்தான். சைட் இன்ஜினியர். செல்போனில் ஒரு படத்தைக் காட்டினான்.

"எந்த ரிவிஷன்டா?"

"தெரியல மாமா, வாட்ஸ்அப்ல வந்தது."

பெரிதாக்கிப் பார்த்தேன். கீழ்மூலை வெட்டுப்பட்டிருந்தது. ஆபீஸில் கேட்கச் சொன்னேன். ராத்திரி போன் பண்ணினான்: இரண்டு ரிவிஷன் பழையதாம்.