பதினான்கு வயதில் மூடிய கதவு

இங்கிலாந்தின் பல்கலைக்கழக நூலகமொன்றில் சில ஆண்டுகள் பணிபுரிந்தேன். பிரெஞ்சு இலக்கிய அடுக்குகளைச் சரிபார்க்கும்போது பழைய பிரதிகளின் ஓரக்குறிப்புகளை வாசிப்பது எனக்குப் பிடித்தமான காரியம். எழுபதுகளின் நூல்களில் பென்சில் குறிப்புகள் பிரெஞ்சிலேயே இருக்கும். பிற்காலப் பிரதிகளில் அவை ஆங்கிலச் சொற்பொருளாகச் சுருங்கின. அதற்கும் பிறகு மூலநூல்கள் அடுக்கிலேயே கிடக்க, மொழிபெயர்ப்புகளே இரவல் போயின.

மாணவர்கள் சோம்பேறிகளாகிவிட்டார்கள் என்று வருந்திய மூத்த பேராசிரியர்கள் சிலரை அறிவேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. கட்டாய லத்தீன் விதியை ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் 1960இல் தளர்த்தியபோதும் இத்தகைய புலம்பல் எழுந்தது. ஆனால் அன்று பள்ளிகளில் பிரெஞ்சும் ஜெர்மனும் தொடர்ந்தன. 2004இல் நடந்தது வேறு. பதினான்கு வயதுக்குப் பின் அயல்மொழி கட்டாயமில்லை என்று இங்கிலாந்து அரசு முடிவெடுத்தது. ஜிசிஎஸ்இ தேர்வில் அயல்மொழி எழுதியோர் 2002இல் ஏறத்தாழ 76 சதவீதம். 2011இல் 40 சதவீதம். ஊக்குவிப்புகளால் அது பின்னர் சற்றே உயர்ந்ததே தவிர, பழைய நிலைக்கு மீளவில்லை.

விதை நெல்லே குறைந்தபின் விளைச்சலைக் குறைசொல்லி என்ன பயன்? பள்ளியில் ஏழாண்டுகள் பிரெஞ்சு கற்று வந்தவரிடம் முதலாண்டிலேயே ஒரு நாவலைக் கொடுத்துவிடலாம். அகரவரிசையில் தொடங்குபவருக்கு இலக்கணத்திலேயே ஈராண்டுகள் கழிந்துவிடுகின்றன. மாணவர் குறையக் குறையப் பல பல்கலைக்கழகங்கள் மொழித்துறைகளைச் சுருக்கின, சில மூடின. கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளிலோ மொழிக்கல்வி பெரிதும் நிலைத்தது. ஒரு காலத்தில் சாதாரண அரசுப் பள்ளியில் கிடைத்த செல்வம், மெல்ல வசதி படைத்தோரின் அணிகலனாகி வருகிறது. என்னை உறுத்துவது இதுதான்.

இன்னொரு விந்தையும் உண்டு. இங்கிலாந்தின் பள்ளிப் பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு முதல்மொழி ஆங்கிலமல்ல. அவர்களும் பல்கலைக்கழகம் வருகிறார்கள். நூலக உதவியாளர் வேலைக்கு விண்ணப்பித்த இயற்பியல் மாணவியொருத்தி, 'அறிந்த அயல்மொழிகள்' என்ற இடத்தில் 'எதுவுமில்லை' என்று எழுதியிருந்தாள். ஆனால் அவள் தன் தாயுடன் தொலைபேசியில் போலிஷ் மொழியில் சரளமாகப் பேசுவதை நானே கேட்டிருக்கிறேன். கேட்டபோது, "அது வீட்டில் பேசுவதுதானே" என்றாள். மொழித்திறன் தேய்கிறதென்று கவலைப்படும் ஒரு நாடு, அவளிடம் ஏற்கெனவே இருப்பதை மொழியென்று அவளுக்கே சொல்லித்தரவில்லை.